பேண்ட் வரவில்லையா, பெயர் தப்பாக வருகிறதா? தாவர டிஎன்ஏ பார்கோடிங்கில் பிழை நீக்கும் வழிமுறை

வெப்பமண்டலக் காட்டில் ஒரு மரம் வருடக்கணக்கில் பூக்காமலே நிற்கும். பூவும் காயும் இல்லாமல் இலையை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வது அனுபவம் மிகுந்த வகைப்பாட்டியலாளருக்கும் கஷ்டம். நாற்றாக இருந்தால் கேட்கவே வேண்டாம், பல மரங்களில் நாற்றின் இலை ஒரு மாதிரி, வளர்ந்த மரத்தின் இலை வேறு மாதிரி. இந்த இடத்தில்தான் டிஎன்ஏ பார்கோடிங் கைகொடுக்கிறது. இலைத் துணுக்கிலிருந்து குறிப்பிட்ட ஒரு டிஎன்ஏ துண்டைப் படித்து, பெயர் தெரிந்த தாவரங்களின் அதே துண்டோடு ஒப்பிடுகிறோம்.

விலங்குகளுக்கு 2003-ல் பால் ஹெபெர்ட் குழு முன்வைத்த இழைமணி மரபணு ஒன்றே பெரும்பாலும் போதும். தாவரங்களில் இழைமணி மரபணுக்கள் மிக மெதுவாக மாறுகின்றன, அதனால் அது இங்கே உதவாது. 2009-ல் ஒரு பன்னாட்டுக் குழு ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு பசுங்கணிக மரபணுக்களைப் பொதுப் பார்கோடாகப் பரிந்துரைத்தது. அந்தச் சோதனையிலேயே இரண்டும் சேர்ந்து சிற்றினம் வரை பிரித்தது 72 சதவீதம்தான். அதனால்தான் பசுங்கணிகத்தின் டிஆர்என்ஹெச்-பிஎஸ்பிஏ இடைப்பகுதியையும் உட்கருவின் ஐடிஎஸ் பகுதியையும் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறோம்.

இலையிலிருந்து பிரித்த டிஎன்ஏவில் நமக்கு வேண்டிய துண்டை பிசிஆர் என்ற முறையில் பல மடங்கு பெருக்கி ஜெல்லில் ஓட்டினால், அது ஒரு கோடாக, அதாவது பேண்டாகத் தெரியும். அந்தப் பேண்ட் வராதது கண்ணுக்குத் தெரிகிற பிழை. எல்லாம் அழகாக வந்து தப்பான பெயரில் முடிகிற பிழைதான் எனக்குப் பயம் தருகிறது. அந்தப் பெயரை நம்பி ஒருவர் நாற்று நடுவார், ஒருவர் அரிய மரம் இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். அதனால் ஆய்வகச் சிக்கல்களைச் சுருக்கமாகவும், பெயர் தொடர்பான சிக்கல்களை நிதானமாகவும் சொல்கிறேன்.

பையைத் திறந்தால் இலை பழுப்பாக இருக்கிறது

இலை மெதுவாகக் காய்ந்திருக்கிறது. மெதுவாகக் காயும் இலையில் அதன் நொதிகளே டிஎன்ஏவை வெட்டிப்போடும், ஈரக்காட்டில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். இலையின் எடையைப் போல் குறைந்தது பத்து மடங்கு சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) பையில் போடுங்கள். தடித்த இலையை நடுநரம்பை நீக்கிச் சிறு துண்டுகளாகக் கிழித்துப் போடுங்கள். 24 மணி நேரத்துக்குள் இலை, மடித்தால் மடங்காமல் நொறுங்க வேண்டும். மடங்கினால் சிலிக்காவை மாற்றுங்கள். ஆரஞ்சு நிற சிலிக்கா பச்சையாக மாறியிருந்தால் அது தன் வேலையை முடித்துவிட்டது, இனி ஈரத்தை உறிஞ்சாது.

ஏற்கெனவே பழுப்பான இலையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முழு மேட்கே வராவிட்டாலும் 200 எழுத்துக்குள் (ஏ, டி, ஜி, சி என்ற டிஎன்ஏ எழுத்துகள்) அடங்கும் குறுந்துண்டு வரக்கூடும். மறுபடியும் அந்த மரத்துக்குப் போக முடியுமானால் போய்விடுவது நல்லது. உச்சிக்கிளை எட்டவில்லை என்றால் அடிமரத்தில் ஒரு சிறு வட்டமாகப் பட்டையை எடுத்து, அதன் உட்புறமுள்ள ஈரமான படலத்தைச் சிலிக்காவில் போடலாம். அதிலிருந்தும் நல்ல டிஎன்ஏ கிடைக்கும்.

டியூபின் அடியில் கோந்து, அல்லது பழுப்பு வில்லை

டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும்போது ஐசோபுரப்பனால் ஊற்றி சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிய பிறகு, அடியில் வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி, அதாவது டிஎன்ஏ வில்லை, இருக்க வேண்டும். அதற்குப் பதில் கண்ணாடி போன்ற ஒரு வழவழப்பு இருக்கும். பைப்பெட் நுனியால் தொட்டால் நூலாக நீண்டு நுனியோடு வரும், தண்ணீரில் கரையாது. அது டிஎன்ஏ இல்லை, பெரும்பாலும் பாலிசாக்கரைடு என்ற சர்க்கரைப் பசை. பழுப்பு நிறம் என்றால் பாலிஃபீனால் ஆக்சிஜனேற்றம் அடைந்து டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கோந்துக்கு முதல் வைத்தியம் இலையைக் குறைப்பது. வில்லை சின்னதாக இருக்கிறதே என்று இலையைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. 20 மில்லிகிராம் உலர்ந்த இலை தாராளமாகப் போதும். பொடித்த இலையை, செல்லை உடைத்து டிஎன்ஏவை விடுவிக்கும் சிடேப் பஃபரில் போடுவதற்கு முன் சார்பிட்டால் பஃபரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். வழவழப்பில் பெரும்பகுதி மேலே உள்ள திரவத்தோடு போய்விடும். அப்புறம் வழக்கம்போல 65 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். வீழ்படிவாக்கும்போது உப்பைக் கூட்டினால் பாலிசாக்கரைடு கரைசலிலேயே தங்கும். பழுப்புக்கு பஃபரில் ஃபீனாலைப் பிடிக்கும் பிவிபியும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மெர்கேப்டோ எத்தனாலும் வேண்டும். மெர்கேப்டோ எத்தனாலை அன்றன்றைக்குச் சேருங்கள், மாதக்கணக்கில் கலந்து வைத்தது வீரியம் இழந்திருக்கும்.

அளவு நன்றாக இருக்கிறது, பிசிஆர் மட்டும் வரவில்லை

வெப்பமண்டலத் தாவரங்களில் வேலை செய்யும் எவரும் முதல் மாதத்திலேயே சந்திக்கிற பிரச்சினை இது. டிஎன்ஏவின் தூய்மையைச் சொல்லும் ஒளி உறிஞ்சல் விகிதமான 260/280 அளவு 1.8 என்று காட்டுகிறது, மனசு நிம்மதியாகிவிடுகிறது. பக்கத்திலேயே 260/230 அளவு 0.7 என்று இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. அது 2-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு குறைந்தால் சர்க்கரையோ ஃபீனாலோ உப்போ கூடவே வந்திருக்கிறது என்று அர்த்தம்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு எளிய சோதனை உண்டு. எப்போதும் நன்றாக வேலை செய்கிற ஒரு டிஎன்ஏவை எடுத்து, அதில் பிரச்சினையான டிஎன்ஏவை ஒரு மைக்ரோலிட்டர் கலந்து பிசிஆர் வையுங்கள். நல்ல டிஎன்ஏவின் பேண்டும் காணாமல் போனால் உங்கள் மாதிரியில் பிசிஆரைத் தடுக்கும் பொருள், அதாவது தடுப்பான் இருக்கிறது. பேண்ட் வந்தால் பிரச்சினை பிரைமரிலோ (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ) சிதைந்த டிஎன்ஏவிலோ இருக்கிறது. இதைச் செய்யாமல் வெப்பநிலையை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண்வேலை.

தடுப்பான் என்றால் டிஎன்ஏவைப் பத்து மடங்கும் ஐம்பது மடங்கும் நீர்த்து இரண்டையும் வையுங்கள். டிஎன்ஏ குறைந்தால் பேண்ட் மங்கும் என்று தோன்றும், ஆனால் தடுப்பானும் சேர்ந்தே குறைவதால் பல நேரம் அப்போதுதான் பேண்டே வரும். கூடவே பிஎஸ்ஏ புரதம் சேர்த்தால் அது ஃபீனாலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் மசியாவிட்டால் தூய்மைப்படுத்தும் வடிகுழல் வழியாக விடுங்கள்.

தண்ணீர் டியூபிலும் பேண்ட்

டிஎன்ஏ எதுவும் போடாமல் தண்ணீர் மட்டும் வைத்த டியூபிலும் பேண்ட் வந்தால், எங்கோ வெளி டிஎன்ஏ கலந்திருக்கிறது. நிறுத்துங்கள். அந்தத் தொகுப்பில் வந்த எதையும் வரிசைப்படுத்த (எழுத்துகளைப் படிக்க) அனுப்பாதீர்கள், எவ்வளவு அழகான பேண்டாக இருந்தாலும் சரி. தண்ணீர், பிரைமர், பஃபர் எல்லாவற்றையும் புதிதாக எடுத்து மறுபடி வையுங்கள். பிசிஆர் முடிந்த டியூப்களைத் திறக்கும் மேசையும் பிசிஆர் கலக்கும் மேசையும் ஒன்றாக இருந்தால் இது திரும்பத் திரும்ப வரும். டிஎன்ஏ பிரிக்கும்போதும் இலை போடாத வெற்று டியூப் ஒன்றைக் கடைசிவரை கூடவே கொண்டுபோங்கள். இலையரைக்கும் குழவியிலிருந்து ஒட்டிக்கொண்டதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

ஆர்பிசிஎல் வருகிறது, மேட்கே வரமாட்டேன் என்கிறது

ஆர்பிசிஎல் வந்துவிட்டதால் டிஎன்ஏ நன்றாகத்தான் இருக்கிறது. மேட்கே வேகமாக மாறும் மரபணு. அதனால்தான் அது சிற்றினங்களைப் பிரிக்கிறது, அதனாலேயே பிரைமர் உட்காரும் இடமும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறிவிடுகிறது. எல்லாத் தாவரங்களுக்கும் பொருந்துகிற ஒரே மேட்கே பிரைமர் கிடையாது. பிரைமர் ஒட்டும் வெப்பநிலையை 48 டிகிரி வரை இறக்கிப் பாருங்கள், அப்புறம் வேறொரு பிரைமர் ஜோடி, அப்புறம் அந்தக் குடும்பத்துக்கென்றே வடிவமைத்த பிரைமர். மூன்று முயற்சிக்கு மேல் நான் மல்லுக்கட்டுவதில்லை. டிஆர்என்ஹெச்-பிஎஸ்பிஏவுக்கோ ஐடிஎஸ் பகுதியின் ஒரு துண்டான ஐடிஎஸ்2-க்கோ மாறிவிடுவேன். ஐடிஎஸ் பகுதியில் ஜி, சி எழுத்துகள் மிகுதி, 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ கரைப்பான் சேர்த்தால் பிடிவாதம் தளரும்.

பச்சையமே இல்லாத ஒட்டுண்ணித் தாவரம் என்றால் கதையே வேறு. ராஃப்லீசியா இனம் ஒன்றில் பசுங்கணிக மரபணுத்தொகுதியையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று 2014-ல் ஓர் ஆய்வு சொன்னது. அப்படிப்பட்ட செடியில் ஆர்பிசிஎல் அழகாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள். நீங்கள் படித்தது அது தொற்றி வாழும் கொடியின் ஆர்பிசிஎல்லாக இருக்கலாம்.

வரிசை பாதிவரை தெளிவு, அப்புறம் குழப்பம்

வரிசைப்படுத்தும் கருவி தந்த சிகர வரைபடத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். மென்பொருள் கொடுத்த எழுத்து வரிசையை மட்டும் பார்த்தால் காரணம் தெரியாது. ஏ ஏ ஏ ஏ என்றோ டி டி டி டி என்றோ பத்துப் பன்னிரண்டு எழுத்து ஒரே மாதிரி வந்து, அதற்குப் பிறகு சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால், நொதி அந்த இடத்தில் வழுக்கியிருக்கிறது. டிஆர்என்ஹெச்-பிஎஸ்பிஏவில் இது சகஜம். இரண்டு முனையிலிருந்தும் வரிசைப்படுத்தி, வழுக்கிய இடம் வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வந்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐடிஎஸ் பகுதியில் ஆங்காங்கே இரட்டைச் சிகரம் வந்தால் அது பிழையாக இல்லாமலும் இருக்கலாம். ஐடிஎஸ் ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான நகல்களாக இருக்கும். கலப்பினமாக இருந்தால் தாய் தந்தை இருவரின் வடிவமும் சேர்ந்து தெரியும். அதை ‘சரிசெய்து’ ஒரே எழுத்தாக்கிவிடாதீர்கள், அந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

ஆர்பிசிஎல், மேட்கே இரண்டும் புரதம் செய்யும் மரபணுக்கள். எழுத்துகளைப் புரதமாக மாற்றிப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி வந்தால் எங்கோ எழுத்துப் பிழை இருக்கிறது, அல்லது வரிசை தலைகீழாக இருக்கிறது, அல்லது செயலிழந்த போலி நகலைப் படித்திருக்கிறீர்கள். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

முடிவு பூஞ்சை என்கிறது, அல்லது சம்பந்தமே இல்லாத குடும்பம் என்கிறது

பூஞ்சை என்றால் வழி எளிது. வெப்பமண்டல இலைகளுக்குள் பூஞ்சைகள் குடியிருக்கின்றன, பழைய ஐடிஎஸ் பிரைமர்கள் பூஞ்சையிலும் அப்படியே ஒட்டும். தாவரத்துக்கென்றே வடிவமைத்த ஐடிஎஸ் பிரைமருக்கு மாறுங்கள். இளம் இலையாகப் பார்த்து, மேலே பாசியும் புள்ளியும் இல்லாததைத் துடைத்து எடுங்கள்.

வேறு குடும்பம் என்றால் எல்லோரும் முதலில் டியூப் மாறிவிட்டது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். லாரேசி (இலவங்கப்பட்டை) குடும்ப மரம் என்று எழுதப்பட்ட ஒரு மாதிரி, சுத்தமான ஆர்பிசிஎல் வரிசையோடு சீந்தில் குடும்பம் என்று வந்தது. தட்டின் 96 குழிகளையும் வரிசை வரிசையாகச் சரிபார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி பிரித்தும் அதே பதில். கடைசியில் அந்த மாதிரியோடு அழுத்திக் காயவைத்த ஹெர்பேரியத் தாளை எடுத்து விரித்தேன். ஒரே தாளில் இரண்டு விதமான இலை. ஒன்றின் காம்பு நேராக, கசக்கினால் இன்னும் லேசாக வாசனை. இன்னொன்றின் காம்பு இரண்டு முனையிலும் புடைத்து நடுவில் மெலிந்திருந்தது. நீண்ட துறட்டியால் உச்சியிலிருந்து பறித்தபோது மரத்தின் மேல் படர்ந்த கொடியும் சேர்ந்து விழுந்திருக்கிறது. சிலிக்கா பைக்குள் போனது கொடியின் இலை. ஆய்வகம் சரியாகத்தான் சொன்னது.

அன்றிலிருந்து நான் பின்பற்றுவது: சிலிக்காவுக்குப் போகும் இலையை, ஹெர்பேரியத்துக்குப் போகும் கிளையிலிருந்தே, அதைக் கையில் பிடித்துக்கொண்டே பறிக்க வேண்டும். தரையில் கிடந்த இலையை ஒருபோதும் எடுக்கக் கூடாது. பையின் எண்ணும் தாளின் எண்ணும் மரத்தடியிலேயே எழுதப்பட வேண்டும், முகாமுக்கு வந்த பிறகு அல்ல. ஹெர்பேரியத் தாள் இல்லாத மாதிரியில் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே வழியில்லை.

100 சதவீதம் பொருந்துகிறது, ஆனால் ஐந்து சிற்றினங்களோடு

இது பிழை அல்ல. அந்த ஐந்துக்கும் அந்தத் துண்டில் வித்தியாசம் இல்லை, அவ்வளவுதான். பேரினம் பெரிதாக இருந்து, அதன் சிற்றினங்கள் அண்மைக் காலத்தில் பிரிந்தவையாக இருந்தால் இப்படித்தான் வரும். அத்தியும் ஆலும் அடங்கிய ஃபைகஸ், நாவல் அடங்கிய சைஜீஜியம், தென்னமெரிக்கக் காடுகளின் இங்கா எல்லாம் இந்த வகை.

இரண்டு காடுகளில் வந்த முடிவுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் ஆய்வுத்திடலின் 296 மர இனங்களை மூன்று துண்டுகளால் படித்தபோது 98 சதவீதம் சரியாகப் பெயர் வந்தது. அதே 2009-ல் வெளியான பிரெஞ்சு கயானா ஆய்வில் 200-க்கும் மேற்பட்ட மர இனங்களுக்கு 70 சதவீதத்தைத் தாண்டவில்லை. அங்கே ஒரே பேரினத்தின் பல சிற்றினங்கள் பக்கம் பக்கமாக வளர்கின்றன. பார்கோடின் திறமை அது நிற்கும் காட்டைப் பொறுத்தது.

ஆகவே முதலில் உங்கள் காட்டின் தாவரப் பட்டியலை எடுங்கள். ஐந்தில் எத்தனை அந்தக் காட்டில் வளர்வதாகப் பதிவாகியிருக்கிறது? ஒன்றே ஒன்று என்றால் பெயர் கிட்டத்தட்ட கிடைத்துவிட்டது, பட்டியல் நம்பகமானதாக இருக்கும் பட்சத்தில். இரண்டு மூன்று என்றால் ஐடிஎஸ்2 சேர்த்துப் பாருங்கள். அதுவும் பிரிக்கவில்லை என்றால் பசுங்கணிக மரபணுத்தொகுதி முழுவதையும் படிப்பது, அல்லது பூக்கும் தாவரங்களுக்கென 2019-ல் வெளியான 353 உட்கரு மரபணுத் தொகுப்பு என்று போக வேண்டும். செலவு கூடும். அதற்கு முன் யோசியுங்கள்: உங்கள் கேள்விக்குச் சிற்றினப் பெயர் அவசியமா? அவசியமில்லை என்றால் பேரினப் பெயரோடு நிறுத்தி, அப்படியே எழுதுங்கள். பேரினம் வரை மட்டும் சரியாகச் சொல்லும் அறிக்கையை நான் மதிக்கிறேன்.

ஒரே ஒரு பெயர், 99 சதவீதம். நம்பலாமா?

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். 99 என்பது தேர்வு மதிப்பெண் போலத் தோன்றுகிறது. கணக்குப் போடுங்கள். ஆர்பிசிஎல் பார்கோடு சுமார் 550 எழுத்து. ஒரு சதவீதம் வித்தியாசம் என்றால் ஐந்தாறு எழுத்து. இவ்வளவு மெதுவாக மாறும் மரபணுவில் ஐந்தாறு எழுத்து என்பது வேறு பேரினமாகவே இருக்கலாம். அதே ஒரு சதவீதம் ஐடிஎஸ்ஸில் வந்தால் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே இருக்கலாம். எல்லாத் துண்டுக்கும் பொருந்தும் எல்லைக்கோடு கிடையாது.

ஒத்த வரிசையைத் தரவுத்தளத்தில் தேடித் தரும் பிளாஸ்ட் தேடல் எப்போதும் ஏதாவது ஒரு பெயரைக் கொடுக்கும். தரவுத்தளத்தில் உங்கள் மரம் இல்லவே இல்லை என்றாலும், இருப்பதில் நெருங்கியதை முதலில் வைக்கும். வெப்பமண்டல மரங்களில் பல இன்னும் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை, அதனால் இது தினமும் நடக்கிற விஷயம்.

நான் வரிசையாகப் பார்ப்பது இவை. அந்தப் பேரினத்தில் உங்கள் காட்டில் வளரும் சிற்றினங்கள் எத்தனை, அவற்றில் எத்தனைக்குத் தரவுத்தளத்தில் வரிசை இருக்கிறது? பன்னிரண்டில் நான்குதான் இருக்கிறது என்றால், உங்களுக்குக் கிடைத்த பெயர் அந்த நான்கில் நெருங்கியது, அவ்வளவே. அடுத்து, ஒப்பீடு உங்கள் வரிசையின் எவ்வளவு நீளத்தை மூடுகிறது? 60 சதவீதத்தை மட்டும் மூடிக்கொண்டு 99 காட்டினால் அதற்கு மதிப்பில்லை. அப்புறம் அந்தப் பதிவைத் திறந்து பாருங்கள். ஹெர்பேரிய எண் இருக்கிறதா, எங்கே சேகரித்தது என்று இருக்கிறதா? ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பதிவேற்றலாம், தப்பான பெயரோடு இருக்கும் வரிசைகள் அதில் உண்டு. அதே சிற்றினத்துக்கு வேறு வேறு குழுக்கள் கொடுத்த பதிவுகள் ஒன்றாகச் சேர்கின்றனவா என்று ஒரு கிளைமரம் வரைந்து பாருங்கள். ஒரே ஒரு பதிவு மட்டும் தன் உறவுகளை விட்டுத் தூரமாக நின்றால், அந்தப் பதிவின் மீதுதான் சந்தேகப்பட வேண்டும்.

நிலையான தீர்வு ஒன்றே. உங்கள் காட்டில் பூத்த, காய்த்த மரங்களிலிருந்து, வகைப்பாட்டியலாளர் உறுதிசெய்த ஹெர்பேரியத் தாளோடு, சொந்த ஒப்பீட்டுத் தொகுப்பை உருவாக்குங்கள். பெயர் தெரியாத நாற்றை உலகத் தொகுப்போடு ஒப்பிடுவதைவிட இந்தச் சின்னத் தொகுப்போடு ஒப்பிடுவது பல மடங்கு பயன்தரும்.

இரண்டு துண்டுகள், இரண்டு பெயர்கள்

முதலில் சிலிக்கா பையிலிருந்து புது இலை எடுத்து மறுபடி பிரியுங்கள். மறுபடியும் அதே முரண்பாடு வந்தால் மரத்தை நம்புங்கள், அது உண்மையாகவே இரண்டு கதை சொல்கிறது. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் பசுங்கணிகம் தாய்வழியாக மட்டும் வருகிறது, ஐடிஎஸ் இரு வழியிலும் வருகிறது. எப்போதோ நடந்த கலப்பில் பக்கத்துச் சிற்றினத்தின் பசுங்கணிகம் உள்ளே வந்து தங்கிவிட்டிருக்கலாம். தென்கிழக்காசியாவின் ஷோரியா மரங்களில் கலப்பு நடக்கிறது, சிங்கப்பூரின் புக்கிட் திமா காட்டில் அப்படிப்பட்ட கலப்பினங்களைக் கண்டறிந்திருக்கிறார்கள். இங்கே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்காதீர்கள். விதைக்காகத் தாய்மரம் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கு அது கலப்பினமா என்பதுதான் முக்கியமான செய்தி.

மரக்கட்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை

பறிமுதல் செய்த கட்டை என்றால் நடுவிலுள்ள கருமையான வைரத்தை விட்டுவிட்டு, பட்டையை ஒட்டிய வெளிர்நிற மென்மரத்தில் துளையிடுங்கள். வைரத்தின் செல்கள் இறந்து பல காலம் ஆகியிருக்கும், தடுப்பான்களும் அங்கேதான் அதிகம். வெளிப்பரப்பைச் சீவி எறிந்துவிட்டு, மெதுவாக, சூடேறாமல் துளையிடுங்கள். 100 முதல் 200 எழுத்துக் குறுந்துண்டுகளை மட்டும் குறிவையுங்கள், 800 எழுத்து மேட்கேயை எதிர்பார்க்காதீர்கள்.

குறுந்துண்டில் சிற்றினம் தெரிவது அரிது. ஆனால் ஈட்டி மரம் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இருக்கிறது, பிரேசிலின் டால்பெர்ஜியா நைக்ரா முதல் பட்டியலிலும் மற்றவை இரண்டாம் பட்டியலிலும். அப்படிப்பட்ட வழக்கில் ‘இது டால்பெர்ஜியா’ என்று நிரூபித்தாலே கட்டை பட்டியலுக்குள் வந்துவிடும். அறிக்கையில் எந்தத் துண்டு, எத்தனை எழுத்து, எந்தெந்தச் சிற்றினங்களோடு ஒப்பிட்டது, எவற்றுக்கு ஒப்பீட்டு வரிசை இல்லை என்பதை எழுதி, வெற்று டியூபின் ஜெல் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.